பெட்டிக்குப் பூசிய சந்தனம்

ஆடி பிறந்த மறுநாள் சாயங்காலம், பழனிமுத்து எதையோ துண்டில் சுற்றி, சாரலில் நனையாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தான். கோழிக்குஞ்சு வாங்கி வருகிறான் என்று நினைத்துவிட்டேன்.

"முத்து, கோழி வளர்த்தா என் துளசித் தொட்டியைக் கிளறும். இப்பவே சொல்லிட்டேன்" என்று சண்டைக்கு நின்றேன்.

"கோழி இல்லீங்க நஞ்சக்கா" என்று சிரித்துக்கொண்டே துண்டை அவிழ்த்தான். கூம்பு வடிவத்தில் ஒரு மரப்பெட்டி. முன்பலகையைக் கழற்றினால் உள்ளே மெல்லிய இரும்புக் குச்சி ஒன்று நின்றது. குச்சியில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு பித்தளைக் குண்டு. பக்கத்தில் இருந்த சாவியை அவன் முறுக்கிவிட்டதும் குச்சி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, டக் டக் என்று சொல்ல ஆரம்பித்தது.

"மெட்ரானமோ என்னமோ பேருங்க. பேண்டு மாஸ்டரு குடுத்தாரு, தாளம் பழகறதுக்கு."

அன்றைக்கே அதற்கு டக்டக்குப் பெட்டி என்று நாங்கள் பேர் வைத்துவிட்டோம். எங்களுடையது ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஓட்டு வீடுகள் உள்ள இடம். மைசூரில் இதை வட்டாரம் என்பார்கள். நடுவில் ஒரு கிணறு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆட்டுக்கல். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெட்டி காலையும் மாலையும் டக் டக் என்றால் அது எல்லோருடைய பெட்டியும்தான்.

காவிரியில் கட்டிய கன்னம்பாடி அணையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. பழனிமுத்துவும் அவன் பெண்டாட்டி மாரக்காளும் மாதேஸ்வரன் மலைப் பக்கம் ராமாபுரத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு வருஷம் மழை பொய்த்து, விதைத்த ராகி முழங்கால் உயரம்கூட வரவில்லையாம். இங்கே வந்து மரக்கிடங்கில் கட்டை சுமந்துகொண்டிருந்தான். அடுத்த வீட்டு லிங்கப்பன் ஒரு பேண்டில் டிரம் அடிக்கிறவன். தசராவுக்குப் புது ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "நீ ஊர்ல தம்பட்டை அடிச்சவன் தானே, வா" என்று அவன்தான் இவனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

தம்பட்டை வேறு, டிரம் வேறு என்று இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கூட்டத்துக்கு முன்னால் அடிக்கிற தம்பட்டை போகப்போக ஓட வேண்டும். ஓடினால்தான் சாமி இறங்கும். மெதுவாகவே அடித்துக்கொண்டிருந்தால் சாமியும் வராது, சனமும் வராது. பேண்டிலோ தொடங்கிய நடைதான் கடைசிவரை. பழனிமுத்து மைதானத்தில் நாலு தெரு தூரத்துக்கு அடிப்பதற்குள் எல்லோரையும் விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடுவான். "யானையைத் துரத்தறியா மேன்?" என்று மாஸ்டர் கத்துவாராம். தசராவுக்கு முன்னால் ஒரு பரீட்சை. நடை மாறாமல் நிற்கிறவன் பேர் பதிவாகும், நிற்காதவன் வீட்டுக்குப் போகலாம். அதற்காகத்தான் இந்தப் பெட்டி.

லிங்கப்பனுக்குப் பெட்டியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வீட்டில் கன்னடம் பேசுகிறவன். எங்களோடு பழகிய தமிழில் இரண்டும் கலந்து வரும்; வேண்டாம் என்பதற்குப் பேட என்பான், பார் என்பதற்கு நோடு என்பான்.

"இதை ஏனப்பா தூக்கிட்டு வந்தே? புதுசா பழகறவன் கையில இது பேடவே பேட."

"மாஸ்டரே குடுத்தாருங்ணா."

"அவருக்கென்ன, பெட்டியக் குடுத்துட்டு பீடி பிடிச்சிட்டு உக்காந்துக்கலாம். நோடு முத்து, தாளம் காலுல இருக்கு. நடந்துட்டே வாயில சொல்லணும், சொல்லிட்டே கையில அடிக்கணும். ஊர்வலத்துல உன் முன்னாடி யாராவது இந்தப் பெட்டியத் தலைமேல வெச்சிட்டுப் போவாங்களா?"

"எங் கை ஓடுதேங்ணா. ஓடற மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வேணுமல்லோ?"

"கயிறை அவுத்தப்புறம்?"

"அதுக்குள்ள பழகீருமுங்க."

"பழகாது. மறுபடி ஓடும். கயிறு இல்லேன்னு தெரிஞ்சு இன்னும் ஜாஸ்தி ஓடும்."

பழனிமுத்து பிடித்த பிடியை விடுகிறவன் இல்லை. ஒரு பலகையில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஆணியடித்து, அதன்மேல் குச்சிகளால் அடித்துப் பழகினான். காலையில் மரக்கிடங்குக்குப் போகும் முன்னால் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை. பெட்டி டக் என்றால் பலகை தப் என்றது. முதலில் பலகை முந்திக்கொண்டு ஓடும், பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வரும். ஆடி பாதிக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

மாரக்காளும் நானும் ஊதுபத்தி உருட்டுகிறவர்கள். கரித்தூளும் சந்தனத்தூளும் ஜிகட்டும் கலந்து மாவு பிசைந்து, மூங்கில் குச்சியில் வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பாக உருட்ட வேண்டும். ஜிகட்டு என்பது ஒரு மரப்பட்டைத் தூள். தண்ணீர் பட்டால் போதும், விட மாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் மாவு குச்சியில் நிற்காது. பெட்டி ஆடும்போது எங்கள் கைகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். வேண்டுமென்று இல்லை, தானாகவே சேரும்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை மாரக்காள் வீடு மெழுகி, அடுப்புக்கும் நிலைப்படிக்கும் உருட்டுகிற பலகைக்கும் சந்தனம் வைத்தாள். பிறகு பெட்டியின் முன்பலகையைக் கழற்றினாள்.

"அதுக்கும் எதுக்குடி?" என்றேன்.

"எங்களுக்கு நாளைக்குச் சோறு போடப்போற சாமானுங்க அக்கா. அடுப்புக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம உட்டா கோவிச்சுக்காதா?"

"பெட்டி மேலே வெய்யேன்."

"மேல வெறும் மரமுங்க. உசுரு இந்தக் குண்டுலதான இருக்குது" என்று, பித்தளைக் குண்டின்மேல் பொட்டு வைத்தாள். வெறும் சந்தனம் காய்ந்தால் உதிரும் என்று அதில் ஜிகட்டைக் கலந்திருந்தாள். அவள் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை.

அடுத்த வெள்ளியும் வைத்தாள். பழையதைத் துடைக்கவில்லை. வைத்த சந்தனத்தைத் துடைப்பது அவர்கள் பக்கத்தில் ஆகாதாம். பழையதன்மேல் புதியது ஏறியது. ஆவணியில், புருஷன் கை நிற்க வேண்டும் என்று மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் துண்டை நூலில் சுற்றிக் குண்டுக்கு மேலே கட்டி, அதையும் சேர்த்துப் பூசினாள். பழனிமுத்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கும்பிட்டும் கொண்டான்.

அந்த மாதம் நாங்கள் உருட்டிக் கொடுக்கிற ஊதுபத்திக் கட்டு குறைந்தது. ஏன் மெத்தனம் என்று ஊதுபத்திக்காரர் கேட்டார். மழைக்கு மாவு இளகுகிறது என்று சொன்னோம். அதை நாங்களும் நம்பினோம்.

ஆவணி கடைசியில் ஒருநாள் பழனிமுத்து மைதானத்திலிருந்து முகம் வெளுத்து வந்தான். மாரக்காள் களி கிண்டி, கொள்ளுச் சாறு ஊற்றி வைத்தாள். அவன் களியைத் தொடாமல் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாறு வாங்கப் போனவள், கிண்ணத்தோடு நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, என்ன ஆச்சு?"

"முன்னால ஓடறேன்னு திட்டுனாரல்லோ? இன்னைக்கு இழுக்கறேங்கறாரு. எல்லாரும் போயிர்றாங்களாமா, நாம் பின்னால கெடக்கறனாமா. தூங்கறியான்னு கேட்டுப்போட்டாரு."

"வூட்ல சரியாத்தான அடிக்கறீங்க? பொட்டியோட ஒட்டிக்கிட்டுத்தான போவுது?"

"அதான் புள்ள எனக்குப் பயமா இருக்குது. பொட்டி இருந்தா கை நிக்குது. அங்க போனா சாவுது." களித் தட்டை ஒதுக்கி வைத்தான். "அப்பனுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது."

அவனுடைய அப்பனுக்கு வாதம். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு வலது கை முதலில் மெத்தனமானது. கூப்பிட்டால் தாமதமாக வந்தது, பிறகு வராமலே போனது. சோறு ஊட்டிவிட ஆள் வேண்டியிருந்தது. அதைச் சின்ன வயதில் பார்த்தவன் இவன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வாயைக் கழுவுங்க" என்றாள் மாரக்காள். சொல்லிக்கொண்டே கரண்டியைச் சாய்த்தாள். சாறு என் கிண்ணத்தில் பாதியும் தரையில் பாதியும் விழுந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் சிரிப்பே இல்லை. அவன் கூடுதலாகப் பழகினான். பெட்டிதான் மருந்து என்று நினைத்தான். மைதானத்தில் மேலும் மேலும் பின்தங்கினான். அவள் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் சுடவைத்து அவன் மணிக்கட்டில் தேய்த்தாள். வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை இன்னும் தாராளமாகப் பூசினாள். பயந்தவர்கள் செய்கிற காரியம்தானே, யார் குற்றம் சொல்வது? எனக்கே அவன் சொம்பு தூக்கும்போதெல்லாம் கண் அந்தக் கைக்குத்தான் போகும். மரக்கிடங்கில் அவன் இடத்துக்கு வேறு ஆளைப் பேசிவிட்டார்கள் என்றும் காதில் விழுந்தது. பேண்டும் இல்லையென்றால் ராமாபுரத்துக் காய்ந்த காட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். கையும் போனால் அங்கே மட்டும் என்ன செய்வது?

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லிங்கப்பன் பொறுக்கமாட்டாமல் வந்தான்.

"முத்து, எழுந்திரு. பலகையைக் கீழே வை. பெட்டியை ஓட விடு. நான் இதுக்கு நடக்கறேன், நீ என் காலைப் பாத்து அடி."

பத்து வருஷமாகப் பேண்டில் நடக்கிறவன். முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மிடுக்காகப் புறப்பட்டான். ஆட்டுக்கல் வருவதற்குள் கால் பின்னிக்கொண்டது. திரும்பி வந்து மறுபடி புறப்பட்டான். மறுபடி தடுமாறி, ஒற்றைக் காலைத் தூக்கியபடி கொக்கு மாதிரி நின்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"ஐயோ, இது மார்ச் இல்லப்பா. இது பொணம் தூக்கற நடை."

"என்னுங்ணா சொல்றீங்க?"

"பெட்டி சாகுதப்பா! ஸ்பிரிங் போயிருச்சு. நீ சரியாத்தான் அடிக்கறே, பெட்டிதான் செத்துட்டிருக்கு. நாளைக்கு மாஸ்டர் கையில என்னன்னு குடுப்பே? சீமையிலேருந்து வந்த சாமான்!"

பழனிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கை போகவில்லை என்று சந்தோஷப்படக்கூட அவனுக்கு நேரமில்லை. பேண்டுச் சாமானைக் கெடுத்தவன் என்ற பேர் வந்துவிட்டதே.

மாரக்காள்தான் முதலில் அசைந்தாள். "கெட்டதோ கெடலையோ, இப்பிடி அழுக்காக் குடுக்கக் கூடாதுங்க" என்று ஈரத்துணியை எடுத்துவந்து பெட்டியைத் துடைத்தாள். மரத்தைத் துடைத்து, குச்சியைத் துடைத்து, குண்டருகே வந்து தயங்கினாள். "சாமி, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு நகத்தால் நெம்பினாள். சந்தனம், நூல், மஞ்சள் எல்லாம் ஒரே கட்டியாகக் கழன்று அவள் கையில் வந்து விழுந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும்.

குச்சி துள்ளியது. டக்டக், டக்டக் என்று பெட்டி பழைய வேகத்தில் ஓட ஆரம்பித்தது. ஆடி மாதம் துண்டுக்குள் வந்த பெட்டியின் சத்தம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அது மெதுவாகிக்கொண்டே போனதை ஒரு முற்றம் நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். காது இருந்து என்ன பயன்?

லிங்கப்பன் மறுபடி நடந்தான். ஆட்டுக்கல்லைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி, தடுமாறாமல் திரும்பி வந்தான்.

மாரக்காள் உள்ளங்கையை நீட்டியபடி நின்றாள். "நாம் பண்ணுன வேலைங்க. கனமேறிப் போச்சுங்க. உங்க கையக் கெடுத்தது நானுங்க."

"கை கெடலையே புள்ள" என்றான் பழனிமுத்து. இத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டான். "கை நல்லா இருக்குதே. அப்பன் கை எனக்கு வல்லியே."

அழுது முடித்துக் குச்சிகளை எடுத்து, துடைத்த பெட்டியோடு அடித்துப் பார்த்தான். முடியவில்லை. கொஞ்ச தூரம் இழுத்துப் பிடித்துப் போவான், பிறகு கை தானாகப் பழைய மெத்தனத்துக்கு இறங்கிவிடும்.

"பாத்தியா? பெட்டி வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்" என்று தொடங்கிய லிங்கப்பன், மாரக்காளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பரவாயில்லே தாயி. பொய் சொன்ன பெட்டிக்கே இத்தனை விசுவாசமா நின்ன கை இது. ஒரு மாசம் கெடைச்சா சரி பண்ணிரலாம்."

ஒரு மாசம் எங்கே இருக்கிறது? விடிந்தால் பரீட்சை.

மறுநாள் மாரக்காளோடு நானும் மைதானத்துக்குப் போனேன். கள்ளி வேலிக்கு வெளியே நின்றோம். அவள் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மேஜைமேல் பெட்டியை வைத்து ஓடவிட்டார். ஒவ்வொரு புது ஆளும் அதோடு அடிக்க வேண்டும். நடுவில் அவர் பெட்டியின் குச்சியைப் பிடித்து நிறுத்திவிடுவார். அவன் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். அப்போதுதான் வேடிக்கை. பெட்டி நின்றதும் எல்லோர் கையும் ஓடியது. நன்றாக அடித்தவர்கள்கூடக் கடைசியில் கொட்டுகிற மழை மாதிரி முடித்தார்கள். லிங்கப்பன் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது.

பழனிமுத்து முறை வந்தது. பெட்டி ஒரு பக்கம் போக, அவன் கை ஒரு பக்கம் போனது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். வேலியைப் பிடிக்கப்போன மாரக்காளின் கையில் கள்ளிமுள் குத்திவிட்டது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"போ மேன், போ" என்றார் மாஸ்டர்.

பழனிமுத்து போகவில்லை. "சாமி, பொட்டிக்குச் சந்தனம் பூசிட்டோமுங்க. அது மெதுவா ஆடிப் போச்சு. எங் கை அதக் கத்துக்குச்சுங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். பெட்டியை நிறுத்திவிட்டு, "சரி, உன் சந்தனத் தாளத்தை அடி, கேட்கறேன்" என்று பீடி பற்றவைத்தார்.

அவன் அடித்தான். அவர் பீடி முடிந்தது. அவன் ஓடவில்லை, இழுக்கவில்லை. பெட்டி இல்லாமல், யாரும் முன்னால் நடக்காமல், ஒரே நடை. சிரித்தவர்கள் அடங்கினார்கள். மாஸ்டர் இன்னொரு பீடியை எடுத்து, பற்றவைக்காமலே கையில் வைத்திருந்தார். கடைசியில் எழுந்து லிங்கப்பனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். லிங்கப்பன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! மெதுவாக அடிக்கிற இடத்துக்கு என்று லிங்கப்பன் வந்து சொன்னான். பெட்டியால்தான் என்று மாஸ்டர் சொன்னாராம். பெட்டி கெட்டதால்தான் என்று லிங்கப்பன் சொன்னான். எங்கள் வட்டாரத்தில் அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. சாயங்காலம் நான் பொரி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். மாரக்காள் ஒரு வாய் போட்டுக்கொண்டு லிங்கப்பனிடம் கேட்டாள்.

"மெதுவா அடிக்கறதுக்குன்னு எடுத்தாங்கன்னீங்களே. பேண்டுல எப்பங்க மெதுவா அடிப்பாங்க?"

பழனிமுத்து பொரியைக் கையில் வைத்துக்கொண்டு லிங்கப்பனைப் பார்த்தான். லிங்கப்பன் கிணற்றைப் பார்த்தான்.

"சொல்லுங்ணா" என்றாள் மாரக்காள்.

"அது வந்து தாயி, பெரிய மனுஷங்க யாராவது போயிட்டா, பேண்டு முன்னாடி போகும். அதுக்கு மெதுவான நடை. நம்ம பசங்க எல்லாம் அதுல ஓடிருவாங்க. முத்து நிப்பான். தசராவுக்கும் வரிசையில நிறுத்துவாங்க, அதுக்குள்ள கை வேகம் பிடிச்சா. ஆனா பேர் பதிஞ்சது இதுக்குத்தான்."

மாரக்காள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் விடிந்ததும் வீடு மெழுகினாள். அடுப்புக்கும் நிலைப்படிக்கும் பலகைக்கும் சந்தனம் வைத்தாள். மாடத்தில் பேண்டில் கொடுத்த புது டிரம் குச்சிகள் இருந்தன. விரலில் சந்தனத்தோடு அதற்கு முன்னால் போய் நின்றவள், நின்றபடியே இருந்தாள்.

"வெய்யி புள்ள" என்றான் பழனிமுத்து. "கனமேறுனா ஏறட்டும். மெதுவா அடிக்கத்தான சோறு போடறாங்க."

அவள் குச்சிகளைக் கையில் எடுத்துப் பொட்டு வைத்தாள். வைத்த கையோடு முந்தானையால் அதைத் துடைத்தாள். ஈரம் காயாத சந்தனத்தை அவள் துடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இதுக்கு வெச்சுட்டு நான் என்னன்னுங்க கும்புடறது?" என்றாள். "உங்களுக்கு நெறைய வேலை வரணும்னா, யாரோ ஒருத்தி தாலி அறுக்கணும்னு வேண்டிக்கோணும். யாரும் சாகக் கூடாதுன்னு வேண்டுனா, நம்ம அடுப்பு எரிய வேண்டாம்னு வேண்டுன மாதிரி. ரெண்டுல எத நான் சாமிகிட்டக் கேக்கட்டும், சொல்லுங்க."

நான் வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பழனிமுத்து அவள் கையிலிருந்து குச்சிகளை வாங்கி, ரப்பர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தான். என் உள்ளங்கை அதற்குத் தக்கபடி மெதுவாக உருட்டத் தொடங்கியது. மாரக்காள் சந்தனக் கிண்ணத்தோடு மாடத்தின் முன்னாலேயே நின்றிருந்தாள்.